பூமரங்களின் பிணியறிதலும் காத்தலும்

முற்றத்திற் பல்லாண்டு பூத்து நின்ற மரமொன்று இலை மஞ்சளித்து வாடத் தொடங்கினால் வீட்டார் செய்வன பெரும்பாலும் மூன்றே. முதலில் நீர் ஊற்றுவர். அதனாற் பயனில்லையெனக் காணின் உரக்கடைக்குச் சென்று யூரியா வாங்கிவந்து இடுவர். அதற்கும் மரம் தேறாதாயின், கடைக்காரர் கொடுத்த ஏதோவொரு மருந்தைத் தெளிப்பர். நான்காவதாக வருவது கோடரி. இவற்றுள் எதற்கும் முன்னர், மரத்துக்கு வந்தது யாது, அஃது எவ்விடத்தில் வந்தது என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலர். மருத்துவன் நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே தணிக்கும் வழியை நாடல் வேண்டுமெனத் திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் கூறுவதை எம் மாணாக்கர் மனனஞ்செய்து பரீட்சையிற் பிழையின்றி எழுதுவர். அவ்விதி மரத்துக்கும் உரியது.

தமிழாசிரியன் ஒருவனுக்கு மரநோயில் என்ன அலுவல் எனச் சிலர் நகைத்தலுங் கூடும். நிலத்தைப் பூவாலும் மரத்தாலும் பெயரிட்டு அழைத்தவர் நம் முன்னோர். மருதமும் பாலையும் மரங்களே. அவற்றின் பெயரை மட்டும் கற்பித்துவிட்டு, வகுப்பறை யன்னலுக்கு வெளியே நிற்கும் மரம் ஏன் பட்டுப்போகின்றது என்று மாணவன் வினவும்போது வாய்மூடியிருத்தல் ஆசிரியனுக்கு அழகன்று.

நோயுற்ற மரத்தைப் பார்க்கச் செல்வோர் அண்ணாந்து இலையைப் பார்க்கின்றனர். கண் முதலிற் செல்லவேண்டிய இடம் அதுவன்று. மரத்தின் அடி மண்ணோடு சேரும் இடத்தையே முதலிற் பார்த்தல் வேண்டும். பின்னர்த் தண்டு, அதன் பின்னர்க் கிளை, ஈற்றில் இலை. இலையிற் காணப்படுவது பெரும்பாலும் வேறிடத்தில் நிகழ்ந்த கேட்டின் அறிவிப்பாகவே இருக்கும். காய்ச்சலுற்றவனின் நெற்றியிற் சந்தனம் பூசினாற் காய்ச்சல் நீங்காததுபோல, வேர் அழுகிய மரத்தின் இலைக்கு மருந்து தெளித்தாலும் நோய் நீங்காது.

இயல்பாக வளர்ந்த மரத்தின் அடி, மண்ணுட் புகுமிடத்திற் சற்றே விரிந்து, வேர்கள் பிரியும் தோற்றங் காட்டும். அவ்விரிவு தெரியாமல், நட்டுவைத்த கம்பம்போல மரம் நேரே மண்ணுட் செல்லுமாயின், அதன் அடியில் யாரோ மண் குவித்திருக்கின்றார் என அறிக. தண்டின் பட்டை காற்றுக்கு உரியது. மண்ணின் ஈரத்தைத் தாங்க வல்லதன்று. மண்ணோ குப்பையோ அடியிற் குவிந்து கிடந்தாற் பட்டை நாளடைவில் இளகி அழுகும். பங்கசுக்கு வாயில் திறக்கும். பாத்தி அழகாயிருத்தல் வேண்டுமென்று அடியைச் சுற்றி மண்ணணைத்து வெள்ளைக் கல் அடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் மிகுதி. மண்ணையும் கல்லையும் அகற்றி அடியை வெளிப்படுத்துவதொன்றே சில மரங்களைத் தேற்றப் போதுமானது.

மண்ணிலும் கொடியது சீமெந்து. மரத்தின் உணவு தேடும் நுண்வேர்கள் பாதாளத்திற் செல்வனவல்ல. அவற்றுட் பெரும்பாலன நிலத்தின் மேலிரண்டு அடிக்குள்ளேயே, கிளைகளின் நிழலெல்லையையுங் கடந்து பரந்திருப்பன. வேருக்கும் மூச்சு உண்டு; அதற்கு வேண்டிய ஒட்சிசன் மண்ணின் இடைவெளிகளினூடாகவே செல்லுகின்றது. விடுமுறைக்குத் தாயகம் வரும் பழைய மாணவர்கள் தந்தையார் வளவு தூய்மையாக இருக்கவேண்டுமென்று மதிலிலிருந்து மதில்வரை கொங்கிறீற்று இடுவித்துச் செல்கின்றனர். அவர்கள் விமானமேறிச் சென்று இரண்டு மூன்று ஆண்டுகளின் பின்னர், பாட்டனார் நட்ட மகிழமரம் நுனியிலிருந்து பட்டுவருகின்றதென வீட்டிலிருந்து செய்தி போகும். இரண்டுக்கும் தொடர்புண்டென எவருங் கருதுவதில்லை. கூட்டிய சருகை மரத்தடியிலேயே எரித்தலும் இத்தகைய கேடே. பட்டைக்கு உட்புறத்தே, மரத்தைப் பருக்கச் செய்யும் மெல்லிய வளர்படையொன்று உண்டு. வெப்பத்தால் அஃது இறந்துவிடும். வெளிப்பட்டை சில மாதங்கள் ஒட்டியே நின்று பின்னர்ப் பலகைபோற் கழன்று விழும்போதுதான் கேடு தெரியவரும்.

அடியைப் பார்க்கும்போது தேடவேண்டிய மற்றொன்று மரக்காளான். மாரி தொடங்கியபின் வேரடியிலோ தண்டின் கீழ்ப்பகுதியிலோ, மெருகு பூசியது போன்ற செங்கபில நிறமும் வெண்ணிற விளிம்பும் உடையதாய், விசிறிபோல ஒருபுறம் நீண்டு வன்மையாக ஒரு காளான் வளர்ந்திருப்பின், அது கனோடேர்மா என்னும் பங்கசின் வித்துறுப்பாகும். செம்மயிற்கொன்றை, சவுக்கு முதலியவற்றை இது விரும்பிப் பற்றும். அதனை உதைத்து வீழ்த்திவிட்டால் நோய் போயிற்று எனக் கருதற்க. காளான், மாமரத்தின் மாங்காய் போன்றது. காயைப் பறித்தால் மரம் போய்விடுமா? பங்கசின் உடல் நூலிழைகளாய் வேரினுள்ளும் அடிமரத்தினுள்ளும் ஆண்டுக்கணக்காகப் பரந்து, மரத்தைத் தின்று முடிக்கும் நிலையிலேதான் காளான் வெளியே தோன்றுகின்றது.

இங்கே மாணவரும் ஆசிரியரும் நினைவிற் கொள்ளவேண்டிய செய்தி ஒன்றுண்டு. கனோடேர்மா பற்றிய மரம் இலை பசுமையாகவும் பூ நிறையவும் நின்றபடியே விழும். நீரை ஏற்றும் புறமரம் ஓரளவு நலமாயிருக்க, பாரத்தைத் தாங்கும் அடிவேர்கள் உளுத்துப்போவதே இதற்குக் காரணம். நான் அறிந்த ஒரு பாடசாலையில், இலை மஞ்சளித்ததென்று முதிர்ந்த மகிழமரம் ஒன்றைத் தறித்தார்கள். தறித்த அடி வைரம் பாய்ந்து வெண்கலம்போல் ஒலித்தது. அதே வளவில் வகுப்பறைக்கு அண்மையில் நின்ற செம்மயிற்கொன்றை, வேரடியில் மூன்று காளான்களோடு, வைகாசி தோறும் பூத்துக் குலுங்கி யாவராலும் பாராட்டப்பட்டு வந்தது. கார்த்திகை மாதத்து இரவொன்றில் அது வேரோடு சாய்ந்து வகுப்பறைக் கூரையின் ஒருபாதியைக் கொண்டுபோயிற்று. பகலாயிருந்தால் அவ்விடத்தில் முப்பது பிள்ளைகள் இருந்திருப்பர். நோயற்ற மரம் கோடரிக்கும், நோயுற்ற மரம் புகழுக்கும் உரியவையாயின. மர நோயறிதல் பொழுதுபோக்குக் கலையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அடிமரத்தின் உட்பொய்மையை அறிய எளிய சோதனை உண்டு. மரச்சுத்தியல் ஒன்றினால் அடியைச் சுற்றி அரையடிக்கு ஒரு முறை தட்டிச் செல்க. வைரமான இடத்தில் இறுகிய ஒலியும், உள்ளே பொந்தான இடத்தில் மத்தளத்தின் ஒலியும் எழும். வேரின் மேற்புறத்தை ஒரு கூரிய இரும்புக் கம்பியால் அழுத்துக. கம்பி எளிதில் இறங்குமாயின் வேர் உளுத்தது. மரம் ஒருபுறஞ் சாய்ந்து, எதிர்ப்புறத்து மண் வெடித்து எழும்பியிருப்பின் ஒருநாளும் தாமதித்தலாகாது. மனிதர் நடமாடும் இடத்தில் இக்குறிகளோடு நிற்கும் மரத்தை, எவ்வளவு அருமையானதாயினும், முறைப்படி அகற்றுதலே அறம். அகற்றும்போது அடிக்கட்டையையும் பெருவேர்களையும் தோண்டியெடுத்தல் இன்றியமையாதது. 1905ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கத்தின் பங்கசியலறிஞராகப் பேராதனைக்கு வந்த தோமஸ் பெச் என்பார், தேயிலைச் செடிகளின் வேர்நோய்கள் பல, நிழலுக்காக நட்டுப் பின் தறித்த கிரவிலியா முதலிய மரங்களின் கட்டைகளிலிருந்து பரவுவதை ஆராய்ந்து காட்டினார். தோட்டத்துரைமார் அன்று கற்ற பாடம் நம் வளவுக்கும் பொருந்தும். கட்டையை மண்ணுள் விட்டு அதன் மேலேயே புதுக்கன்றை நடுவது, தொற்றுநோயாளி கிடந்த பாயைக் குழந்தைக்கு விரிப்பதை ஒக்கும்.

இனித் தண்டைப் பார்ப்போம். தண்டில் உள்ள காயங்களை எண்ணினால் அவற்றுட் பெரும்பாலானவை நம் கைவேலை என்பது தெரியவரும். விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணி, கொடிக்குக் கட்டிய கம்பி, விழாப் பந்தலுக்கு வெட்டிய கிளை, புல்வெட்டும் பொறி அடியிற் பட்ட தழும்பு ஆகியவை எல்லாம் பங்கசுக்கு நாம் இட்ட வாயில்கள். கட்டிய கம்பியை அவிழ்க்காது விட்டால், மரம் பருக்கும்போது அது பட்டையுட் புதைந்து, இலையில் ஆக்கிய உணவு வேருக்கு இறங்கும் வழியை அடைத்துவிடும். மேலே புடைப்பும் கீழே மெலிவும் காணின், புதைந்த கம்பியைத் தேடுக.

மனிதனின் புண் ஆறுவதுபோல மரத்தின் புண் ஆறுவதில்லை. நமது உடல் அழிந்த தசைக்குப் பதிலாகப் புதுத் தசையை அவ்விடத்திலேயே ஆக்கும். மரம் அவ்வாறு செய்யாது. கெட்ட பகுதியைச் சுற்றி உள்ளே சுவரெழுப்பி அதனை ஒதுக்கிவிட்டு, புறத்தே புதிய மரத்தை வளர்த்து மூடும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வனசேவையில் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்த அலெக்ஸ் சைகோ என்னும் அறிஞர் 1977ஆம் ஆண்டில் இவ்வுண்மையை விளக்கி வெளியிட்டார். அதன் பின்னர்க் கிளை தறிக்கும் முறையே மாறிற்று. முன்னாளிற் கிளையைத் தண்டோடு ஒட்ட, வழுவழுப்பாகத் தறித்து, வெட்டுவாயில் தார் பூசுதலே செம்மையான முறையெனக் கற்பிக்கப்பட்டது. எம்மில் முதியோர் தார்வாளியோடு தோட்டத்தில் நின்ற கல்லூரித் தோட்டக்காரரை இன்றும் நினைவுகூர்வர். இன்று அவ்விரண்டும் தவறென அறிகின்றோம்.

கிளை தண்டோடு சேருமிடத்தில் வளையம்போல ஒரு சிறு புடைப்பு உண்டு. அதனைக் கிளைக்கழுத்து எனலாம். மரம் தன் காப்புச் சுவரை எழுப்பும் இடம் அதுவே. ஒட்டத் தறிப்பவன் அச்சுவரையும் சேர்த்துத் தறிக்கின்றான். ஒரு முழம் விட்டுத் தறிப்பவனும் நல்லது செய்தானல்லன். மிஞ்சிய முளை பட்டு உளுத்து, பங்கசை உள்ளே அழைத்துச் செல்லும் வழியாகின்றது. கழுத்தை விட்டு அதற்கு மிக அண்மையில் வெளிப்புறமாகத் தறிப்பதே முறை. கனமான கிளையாயின், தண்டிலிருந்து ஓரடி தள்ளிக் கீழ்ப்புறத்திலிருந்து மூன்றிலொரு பங்கு வாளால் அறுத்து, அதற்குச் சற்று அப்பால் மேலிருந்து அறுத்துக் கிளையை வீழ்த்திய பின்னரே கழுத்தருகே இறுதி வெட்டை இடுதல் வேண்டும். இன்றேற் கிளை தன் பாரத்தால் முறிந்து தண்டின் பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு விழும். தாரோ மையோ சாணமோ பூசுதல் வேண்டா. அவை அழுகலைத் தடுப்பதில்லை. ஈரத்தை உள்ளே தேக்கிப் பங்கசுக்கு உதவுதலும் உண்டு. பொந்தைச் சுரண்டிச் சீமெந்து நிரப்புதலும் கைவிடத்தக்கதே. சுரண்டும்போது மரம் எழுப்பிய சுவர் உடைகின்றது. காற்றில் மரம் அசையச் சீமெந்து அசையாமல் நின்று புதுக்காயம் உண்டாக்குகின்றது.

யாழ்ப்பாணப் பகுதியிற் பூத்து முடிந்தபின், ஆனி முதல் ஆவணி வரையுள்ள உலர்ந்த நாட்களே கிளை தறிக்க உகந்தவை. ஐப்பசி மழையில் தறித்தால் ஈரமான வெட்டுவாயிற் பங்கசின் வித்திகள் எளிதில் முளைக்கும். நோயுற்ற மரத்திற் பயன்படுத்திய வாளையும் கத்தரிக்கோலையும் ஸ்பிரிட்டில் தோய்த்த துணியால் துடைக்காமல் அடுத்த மரத்துக்குக் கொண்டுசெல்லற்க.

தண்டிற் கறையான் புற்றெழுந்ததைக் கண்டவுடன் மரத்தைக் கறையான் கொன்றது என்பர். பெரும்பாலும் கறையான் தேடி வருவது முன்னரே பட்டுப்போன பட்டையையும் மரத்தையுமே. புற்றைத் தட்டிவிட்டு, அதன் கீழே மரம் ஏன் பட்டது என்பதை ஆராய்க.

கிளைகளிற் குருவிச்சை இருக்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். ஏட்டிற் புல்லுருவி என்றும் ஊரிற் குருவிச்சை என்றும் வழங்கும் இச்செடியை, பிறர் உழைப்பில் வாழ்வோர்க்கு நம் புலவரும் மேடைப் பேச்சாளரும் உவமையாக்கி மகிழ்வர். ஆயினும் தம் வீட்டு மரத்தில் அது தழைத்திருப்பதைக் காணார். அதன் கனியை உண்ணுங் குருவி, பசைபோன்ற விதையைக் கிளையிலே தேய்த்துச் செல்லும். அங்கேயே அது முளைத்து மரத்தினுட் புகுந்து நீரையும் உப்புக்களையும் உறிஞ்சும். இலையை மட்டும் முறித்தால் மீண்டும் தளிர்க்கும். ஆதலின் அது பற்றிய இடத்துக்கு ஓரடி கீழே, பக்கக்கிளை பிரியும் கணுவருகே அக்கிளையைத் தறித்தல் வேண்டும். பூத்துக் காய்க்குமுன் தறித்தால் அயல் மரங்களும் தப்பும். பட்டையில் ஒட்டி வளரும் மர ஓக்கிட்டும் பன்னமும் இவ்வினத்தன அல்ல. அவை இடத்தை மட்டுமே கேட்கும் விருந்தினர்.

ஈற்றில் இலை. ஈண்டும் மருந்துக் கடைக்கு ஓடுமுன் ஒரு வினாவை எழுப்புக: வாட்டம் ஓரின மரத்தில் மட்டுமா, அருகில் நிற்கும் பல இனங்களிலுமா? ஒரே இடத்து வேறு வேறு இனங்கள் ஒருங்கே வாடின் காரணம் பெரும்பாலும் மண்ணிலோ நீரிலோ இருக்கும்; ஓரினமே வாடின் கிருமியையும் பூச்சியையும் ஐயுறலாம். குடாநாட்டுச் செம்மண்ணின் கீழிருப்பது சுண்ணாம்புக்கல். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்கவியலாது. அப்போது வெட்சியின் இளந்தளிர் வெளுத்து மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாய் நிற்கும். சீமெந்துச் சுவரோரத்துச் செடியில் இது முதலில் தோன்றும். இதற்கு எப்பங்கசு மருந்தும் உதவாது. மக்கிய எருவும் இரும்புச் சத்துக் கலவையுமே வேண்டும். முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளித்தாற் குறைவது இரும்பன்று, பெரும்பாலும் நைதரசன். இலையின் நுனியும் ஓரமும் எரிந்ததுபோற் கருகினால் கிணற்று நீரை நாவில் வைத்துப் பார்க்க. கரையோரக் கிணறுகளில் கோடையில் உவர் ஏறும்.

அலரியின் குருத்தில் மஞ்சள் நிற அசுவினிகள் மொய்க்க, கீழிலைகள் கரி பூசியதுபோற் கறுத்திருப்பதைப் பலரும் கண்டிருப்பர். கரி நோயன்று. பூச்சி கழிக்கும் இனிய நீரில் வளரும் பூஞ்சணமே அது. நுனியை நீரால் வலிந்து அடித்துக் கழுவினாலும், ஒரு லீற்றர் நீருக்கு ஐந்து மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் சிறிது சவர்க்காரமும் கலந்து மாலையிற் தெளித்தாலும் அசுவினி குறையும். எறும்பு ஏறுவதைத் தடுத்தலும் வேண்டும். அஃது அசுவினியின் இடையன். வெட்டிய அலரிக் கிளைகளை ஒருபோதும் எரித்தலாகாது. அதன் புகையும் நஞ்சு. ஈழத்தலரியின் வரலாறு சற்றே வேறு. பெயரில் ஈழம் இருப்பினும் அதன் பிறப்பிடம் நடு அமெரிக்கா. 2008ஆம் ஆண்டில் அதே அமெரிக்கப் பகுதிக்குரிய பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி இலங்கையிற் காணப்பட்டு, பப்பாசியோடு ஈழத்தலரியையும் செவ்வரத்தையையும் வெண்பஞ்சு போர்த்தியதுபோல் மூடிற்று. நஞ்சு தெளித்தவர்கள் வெல்லவில்லை. 2009ஆம் ஆண்டில் விவசாயத் திணைக்களம் அதன் இயற்கைப் பகையான மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து விட்டபின்னரே அது அடங்கிற்று. எல்லாப் பூச்சியையும் கொல்லும் மருந்தைத் தெளிப்பவன் அக்குளவியையும் கொல்கின்றான்.

நோய் வந்தபின் ஓடுவதிலும் வருமுன் காத்தல் எளிதென்பதை இந்நாடு பெருவிலை கொடுத்துக் கற்றது. 1869ஆம் ஆண்டில் இங்குள்ள கோப்பித் தோட்டங்களில் இலையின் கீழ்ப்புறத்துச் செம்மஞ்சட் பொடியாகத் தோன்றிய துருநோய், இருபதாண்டுக்குள் அப்பயிரைப் பெரும்பாலும் அழித்தது. 1880ஆம் ஆண்டில் அதனை ஆராய வந்த ஹாரி மார்ஷல் வாட், வித்திகள் காற்றிற் பரவி இலைத்துளை வழியே உட்புகுவதையும், பொட்டுத் தெரியும் நாளில் நோய் முன்னரே உள்ளே குடிபுகுந்திருப்பதையும் காட்டினார். மலைச்சரிவு முழுவதும் ஒரே பயிராக நின்றமை காற்றின் வேலையை எளிதாக்கிற்று. ஈழத்தலரிக்கும் அதன் இனத்துத் துருநோயொன்று உண்டு. இலையின் கீழே மஞ்சட் பொடி கண்டவுடன் உதிர்ந்த இலைகளைக் கூட்டி அகற்றுக. மரங்களை நெருங்க நடாது இடைவெளி விடுக. மாலையில் இலைமேல் நீர் தெளிப்பதைத் தவிர்க்க.

வீதியோரமோ விளையாட்டு மைதானமோ, எங்கும் ஒரே இனத்தை நிரையாக நடும் ஆசையை அடக்குதல் நன்று. 2004ஆம் ஆண்டில் அறிவியலார் முதன்முறை விவரித்த சிறு குளவியொன்று சில ஆண்டுகளுள் பல நாடுகளுக்கும் பரவி, முருக்கினத்தின் தளிர்களை முடிச்சு முடிச்சாக வீங்கச் செய்தது. திருமணத்துக்குக் கன்னிக்காலாக ஊன்றும் முள்முருக்கும் அவ்வினத்தது. பூவரசும் மகிழும் கொன்றையும் வேம்பும் கலந்து நிற்கும் வளவில் ஒன்று பட்டாலும் நிழல் முற்றும் போகாது.

கண்ணால் துணிய இயலாவிடத்து, அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியரிடம் மாதிரி கொண்டுசெல்லலாம். முற்றும் இறந்த இலையை எடுத்துச் செல்வதாற் பயனில்லை. நோயும் நலமும் சந்திக்கும் விளிம்புள்ள இலை, பட்டை, வேர் ஆகியவற்றையே எடுத்தல் வேண்டும். பொலித்தீன் பையில் அவை வியர்த்து அழுகுமாதலின் கடதாசியிற் சுற்றுக. மரத்தின் பெயர், அகவை, வாட்டம் முதலிற் கண்ட மாதம், நீர் எங்கிருந்து வருகின்றது, அண்மையிற் கட்டடவேலை ஏதும் நடந்ததா, அடியிற் காளான் உண்டா என்பவற்றை ஒரு தாளில் எழுதி உடன்வைத்தால் அவருக்குப் பாதி வேலை குறையும்.